சாஃப்ட்வேர் வாங்குமுன் ரேக்கைத் திறந்து பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு மூன்று யூனிட். எல்லாம் சேர்த்து 22 ஸ்விட்ச், 2 ஃபயர்வால், 30 வைஃபை ஏ.பி. (அக்சஸ் பாயின்ட்). பேக்கிங்கில் ஸ்கேனர் நின்றுவிட்டது, அலுவலகத்தில் டேலி திறக்க நேரமாகிறது என்று அடிக்கடி போன் வருகிறது. எந்தப் பெட்டியில் கோளாறு என்று தெரியாததால் எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஆன் செய்கிறோம். மானிட்டரிங் சாஃப்ட்வேர் போட்டால் தீரும் என்று டீலர் ஒருவர் '500 சென்சார்' லைசென்ஸுக்கு ஆண்டுச் சந்தா கொட்டேஷன் தந்திருக்கிறார். சென்சார் என்றால் தனியாகக் கருவி மாட்டுவார்களா? வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கருவி எதுவும் மாட்டமாட்டார்கள். சென்சார் என்பது லைசென்ஸ் கணக்குக்கு அவர்கள் வைத்திருக்கும் அலகு. ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு சென்சார். அதன் சி.பி.யூ. இன்னொன்று. ஒரு போர்ட்டில் ஓடும் டிராஃபிக் மற்றொன்று. உங்கள் 22 ஸ்விட்ச்சும் 24 போர்ட் என்றால் போர்ட் மட்டுமே 528 ஆகிவிடும், டீலர் சொன்ன 500 அங்கேயே தீர்ந்தது. ஆனால் எல்லாப் போர்ட்டையும் யார் பார்க்கச் சொன்னது? ஒரு ஸ்விட்ச்சுக்கு பிங் (உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை), சி.பி.யூ., வெப்பநிலை, இரண்டு அப்லிங்க் (அடுத்த ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்பு) என ஐந்து போதும், அது 110. ஃபயர்வாலுக்குத் தலா பத்து, ஏ.பி.க்கு பிங் மட்டும் என்று வைத்தால் மொத்தம் 160 தான் வருகிறது. கொட்டேஷனைத் திருப்பி அனுப்பி, 500 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

எல்லாரும் சென்சார் கணக்கில் விற்பதில்லை. ஜெர்மனியின் பேஸ்லர் நிறுவனத்து பி.ஆர்.டி.ஜி. அப்படி விற்கிறது, 100 சென்சார் வரை காசு வாங்குவதில்லை. நம் சோஹோவின் ஆப்மேனேஜர் பெட்டி எண்ணிக்கையில் கணக்கிடுகிறது. (சோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அவர்கள் தொழிலே நெட்வொர்க் மேலாண்மை சாஃப்ட்வேர்தான். அந்த வகையில் இது அவர்களுக்குப் பூர்வீகத் தொழில்.) லிப்ரே என்.எம்.எஸ்., ஜாபிக்ஸ் இரண்டும் திறந்த மூலம், எண்ணிக்கையே கிடையாது.

எதை வாங்கினாலும் அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. டீலர்கள் இதைச் சொல்வதில்லை, சொன்னால் கொட்டேஷன் தள்ளிப்போகும். உங்கள் 22 ஸ்விட்ச்சில் எத்தனை பேசும் என்று முதலில் பாருங்கள். இந்தச் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையை நம்பியிருக்கின்றன. 1988-லிருந்து இருப்பது. சர்வர் கேட்கும், ஸ்விட்ச் பதில் சொல்லும், அவ்வளவுதான். அன்மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் எதுவும் இல்லாமல் மாட்டியவுடன் ஓடும் ரகம்) எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. அதற்கு ஐ.பி. முகவரியே இல்லாததால் பிங்கூடச் செய்ய முடியாது. எவ்வளவு விலையுள்ள சாஃப்ட்வேர் போட்டாலும் அது இருட்டுப் பெட்டிதான்.

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது, கடைகளில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'ஸ்மார்ட்', 'ஈஸி ஸ்மார்ட்' என்று பெட்டியில் போட்டிருக்கும், பிரவுசரில் திறந்தால் வி-லேன் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) எல்லாம் போடலாம், ஆனால் எஸ்.என்.எம்.பி. இருக்காது. டி.பி. லிங்க்கின் டி.எல்.-எஸ்.ஜி.108இ மாதிரியான மாடல்கள் அப்படி. அதைக் குறை சொல்லவில்லை, அந்த விலைக்கு நல்ல ஸ்விட்ச், இந்த வேலைக்கு மட்டும் உதவாது. ஆகவே மூன்று யூனிட்டிலும் ஒவ்வொரு ரேக்கையும் திறந்து, பெட்டிக்கு அடியிலுள்ள லேபிளை மொபைலில் படமெடுங்கள். மாடல் எண்ணைப் போட்டு, டேட்டாஷீட்டில் எஸ்.என்.எம்.பி.யின் பதிப்புகளான வி2சி, வி3 இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 22-ல் ஆறுதான் பேசும் என்று தெரிந்தால், சந்தாவுக்கு வைத்திருந்த பணத்தை மெயின் ரேக்கிலும் ஒவ்வொரு யூனிட் நுழைவிலும் மேனேஜ்டு ஸ்விட்ச் போடச் செலவழிப்பதே புத்திசாலித்தனம். கடைசி மேசைக்கு அடியில் கிடக்கும் எட்டு போர்ட் பெட்டியை மாற்றவேண்டியதில்லை. அது மாட்டியிருக்கும் மேல் ஸ்விட்ச்சின் போர்ட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ரேக்கைத் திறக்கும்போதே இன்னொன்றும் கண்ணில் படும். பனியன் யூனிட்டில் பஞ்சு எங்கும் பறக்கும். ஸ்விட்ச்சின் பக்கவாட்டு ஓட்டைகளிலும் ஃபேனிலும் அது கம்பளி மாதிரி படிந்திருக்கும். வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். மாதம் முழுக்க மெல்ல மெல்ல ஏறும் கோடு கிராஃபில் தெரிந்தால் புளோயர் எடுத்து ஊதவேண்டிய நேரம். மதியம் மட்டும் ஏறி இரவில் இறங்கினால் அறையின் சூடு.

'நெட் ஸ்லோ' புகாருக்கு இப்போதே, ஒரு ரூபாய் செலவில்லாமல், பேசும் ஸ்விட்ச்சில் இரண்டு பக்கங்களைத் திறந்து பாருங்கள். ஒன்று போர்ட் ஸ்டேட்டஸ். ஜிகாபிட் போர்ட்டில், ஜிகாபிட் கணினி மாட்டியும் வேகம் 100 என்று காட்டினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். 100-க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒரு கம்பி கிரிம்ப்பிங்கில் சரியாக உட்காராவிட்டால் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். ஒரு மேசைக்கு அது பெரிதில்லை. இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவே உள்ள அப்லிங்க்கில் நடந்தால் அந்தத் தளம் முழுக்க இழுவைதான். இரண்டாவது பக்கம் போர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அதில் சி.ஆர்.சி. எரர் (வழியில் சிதைந்து வந்த டேட்டா) என்ற எண் இருக்கும். எண் பெரிதாக இருக்கிறதே என்று பயப்படவேண்டாம், அது ஸ்விட்ச்சை ஆன் செய்ததிலிருந்து சேர்ந்தது. குறித்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நகராமல் இருந்தால் பழைய கதை. ஏறிக்கொண்டே இருந்தால் கேபிள், கனெக்டர், அல்லது மெஷினுக்குப் போகும் பவர் லைனோடு ஒட்டிக் கட்டிய வயர். மானிட்டரிங் சாஃப்ட்வேர் செய்வதும் இதே வேலைதான், தூங்காமல் செய்கிறது என்பதற்குத்தான் காசு.

இந்த இரண்டையும் பார்த்த பிறகும் வாங்கத் தோன்றினால் முதலில் 30 நாள் டிரையல் கேளுங்கள். மெயின் யூனிட்டை மட்டும் அதில் ஏற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் மதுரையில் நடுத்தர மருத்துவமனை. ஐ.டி.க்கு ஒரே தம்பிதான், லினக்ஸ் கொஞ்சம் தெரியும். லிப்ரே என்.எம்.எஸ். இலவசம், பழைய கணினியிலேயே போட்டுத் தருகிறேன் என்கிறார். 40 பெட்டிகள். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நம்பலாம். 40 பெட்டிக்குப் பழைய கணினி தாங்கும், 8 ஜி.பி. மெமரி இருந்தால் நிம்மதி. ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு போர்ட்டின் கிராஃபையும் எழுதிக்கொண்டே இருப்பதால் முதலில் திணறுவது டிஸ்க்தான். இலவசம் என்பது லைசென்ஸுக்குத்தான், தம்பியின் நேரத்துக்கு இல்லை. முதல் மாதம் அவரை வேறு வேலைக்கு அதிகம் இழுக்காதீர்கள். என்ன செய்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதியும் வைக்கச் சொல்லுங்கள். அவர் வேறு வேலைக்குப் போன மறுநாள் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் மானிட்டரிங் சர்வர்கள் ஊரில் நிறைய.

அவரிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். ஸ்விட்ச்சில் எஸ்.என்.எம்.பி. கம்யூனிட்டி பெயர் 'பப்ளிக்' என்றே இருக்கிறதா? பல மாடல்களில் ஆலையிலிருந்து அப்படித்தான் வரும், உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்ட் அது. வி2சி-யில் அந்தப் பெயர் கேபிளில் பச்சையாகவே போகும். வி3 இருந்தால் அதையே போடுங்கள், குறியாக்கம் உண்டு. எதுவானாலும் படிக்க மட்டும் அனுமதி, மானிட்டரிங் சர்வரின் ஐ.பி.க்கு மட்டும் பதில், இணையப் பக்கமிருந்து 161-ஆம் போர்ட் (எஸ்.என்.எம்.பி. கேள்விகள் வரும் வாசல் எண், கேபிள் மாட்டும் போர்ட் அல்ல) மூடியிருக்க வேண்டும்.

அலர்ட் எந்த வழியாகப் போகிறது? இதைத்தான் எல்லாரும் கடைசியில் யோசிக்கிறார்கள். இணைய லைன் அறுந்தால் 'லைன் அறுந்தது' என்ற மெயில் அதே லைனில்தான் போகவேண்டும். சிம் போட்ட சின்ன மோடம் ஒன்றை அந்தக் கணினியில் மாட்டிவிட்டால் டெலிகிராமிலோ எஸ்.எம்.எஸ்.ஸிலோ வந்துசேரும். அந்தக் கணினியும் அது மாட்டியிருக்கும் ஸ்விட்ச்சும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அணையும், சொல்ல ஆள் இருக்காது. யூ.பி.எஸ்.ஸையும் பட்டியலில் சேர்க்கவேண்டும். எஸ்.என்.எம்.பி. கார்டு போடும் வசதி உள்ள மாடலானால் கார்டு வாங்குங்கள். பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று மின்வெட்டு வருமுன்னே தெரிவது மருத்துவமனைக்கு எந்த கிராஃபையும்விட முக்கியம்.

முதல் இரண்டு மூன்று வாரம் அலர்ட்டையே ஆன் செய்யாமல் கிராஃபை மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். உங்கள் இடத்தில் சாதாரணம் எது என்று அதில்தான் தெரியும். ஸ்கேன் படங்கள் சர்வருக்குப் போகும் நேரத்தில் லைன் 80 சதவீதம் நிரம்புவது வழக்கமாக இருக்கலாம், அதற்கெல்லாம் மணியடித்தால் பத்து நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மெயின் ஸ்விட்ச் விழுந்தால் அதன் கீழுள்ள 39 பெட்டிக்கும் தனித்தனி அலர்ட் வராதபடி, எது எதன் கீழ் என்று பதிந்துவிடவும் வேண்டும்.

நன்றாக ஓடும் ஸ்விட்ச் ஒன்று 'ரீஸ்டார்ட் ஆகிவிட்டது' என்று ஒருநாள் காட்டும். உடனே பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டாம். எஸ்.என்.எம்.பி. ஓடும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணுகிறது, 497 நாளில் அந்த எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். டிராஃபிக் எண்ணுக்கும் இதே வியாதி உண்டு. பழைய 32 பிட் கவுன்ட்டர் முழு ஜிகாபிட் வேகத்தில் 34 நொடியில் நிரம்பிவிடும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சாஃப்ட்வேருக்குக் கிடைப்பது வெறும் குப்பை. ஸ்விட்ச் வாங்கும்போது 64 பிட் கவுன்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: சேலத்தில் எங்கள் குடோனில் 24 போர்ட் பி.ஓ.இ. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தருவது). பகலில் எல்லாம் ஓடுகிறது, இருட்டினால் இரண்டு மூன்று கேமராவும் ஒரு ஏ.பி.யும் போய்விடுகின்றன. கேமராவை மாற்றிக்கொடுத்தும் அதேதான். புது ஸ்விட்ச் வாங்கவா? (வாசகர், சேலம்)

பதில்: வாங்குமுன் ஸ்விட்ச்சின் பி.ஓ.இ. பக்கத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் பாருங்கள். இருட்டினால் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும், ஒவ்வொன்றும் கூடுதலாகச் சில வாட் இழுக்கும். ஒரு போர்ட் 15.4 வாட் தரும் என்று போட்டிருந்தாலும் 24 போர்ட்டுக்கும் சேர்த்து அத்தனையும் தருவதாக அர்த்தமில்லை. அதற்கு 370 வாட் வேண்டும், விலை குறைந்த மாடல்களில் மொத்தமே 190 வாட் அளவில்தான் இருக்கும். தாண்டினால் முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை ஸ்விட்ச்சே அணைத்துவிடும். ஏழு மணிக்கு மொத்தம் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தால் புது ஸ்விட்ச் தேவையில்லை, நாலைந்து கேமராவுக்குத் தனி பி.ஓ.இ. இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் சேர்க்கும் சின்னப் பெட்டி) போதும். தொடவே இல்லையென்றால் ஸ்விட்ச்சின் பவர் சப்ளை பலவீனமாக இருக்கலாம், வாரன்டி பில்லைத் தேடுங்கள்.

கேள்வி: கிளவுடிலிருந்தே எல்லாம் பார்க்கலாம் என்று விற்கும் ஸ்விட்ச்கள் வாங்கலாமா? லாக் (பெட்டிகள் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பு) எத்தனை நாள் வைக்கவேண்டும்? (வாசகர், கோவை)

பதில்: வசதிதான். சந்தா முடிந்தால் திரை மட்டும் இருளுமா, ஸ்விட்ச்சே வேலை நிறுத்துமா என்று ஆர்டருக்கு முன் எழுத்தில் வாங்குங்கள், இரண்டு ரகமும் சந்தையில் உண்டு. லாக்கைப் பொறுத்தவரை, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களுக்கு 180 நாள் என்கிறது. ஸ்விட்ச்சின் சொந்த நினைவில் அவ்வளவு நிற்காது, ரீஸ்டார்ட் ஆனால் பலவற்றில் அழிந்தே போகும், லாக்கைச் சேர்த்துவைக்கும் சிஸ்லாக் சர்வருக்கு அனுப்பிவையுங்கள். எல்லாப் பெட்டியின் கடிகாரத்தையும் என்.டி.பி. என்ற நேர ஒத்திசைவு நெறிமுறையில் ஒன்றாக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. நேரம் அமைக்காத ஒரு பெட்டி 1970 என்றும் இன்னொன்று இன்றைய தேதி என்றும் எழுதினால் அந்த லாக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.