சுலைமானியாவின் இரண்டு அரைக்குவிமாடங்கள்

கேள்வி: இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலில் பெரிய குவிமாடத்தின் முன்னும் பின்னும் மட்டுமே அரைக்குவிமாடங்கள் இருக்கின்றன. நீல மசூதியிலோ நான்கு பக்கமும் உள்ளன. சுலைமானியாவைக் கட்டிய சினான், ஹாகியா சோபியாவைப் பார்த்து அப்படியே கட்டிவிட்டாரா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: ஹாகியா சோபியா அவர் கண்முன் இருந்தது உண்மைதான். 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்திலும் நடுக்குவிமாடத்துக்கு இரு புறம் மட்டுமே அரைக்குவிமாடங்கள் முட்டுக் கொடுக்கின்றன. ஆனால் சுலைமானியாவின் பணி 1550இல் தொடங்குவதற்கு முன்பே, 1548இல் முடிந்த ஷெஹ்ஸாதே பள்ளிவாசலில் நான்கு அரைக்குவிமாடங்களை வைத்துக் கட்டியவர் சினான். 1616இல் நிறைவடைந்த நீல மசூதி அந்த அமைப்பையே பின்பற்றுகிறது. ஆகவே அவர் சுலைமானியாவில் இரண்டோடு நின்றதை வேறு வழி தெரியாமல் செய்த நகல் என்று கொள்ள முடியாது.

குவிமாடத்தின் பாரம் கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை, அடிவிளிம்பை வெளிப்புறமாகவும் தள்ளும். ஏறத்தாழ 26.5 மீட்டர் விட்டமும் தரையிலிருந்து 53 மீட்டர் உயரமும் கொண்ட இக்குவிமாடத்தின் உந்துதலை, வாயிலிலிருந்து கிப்லாவை (தொழும்போது முகம் நோக்கும் திசையை) நோக்கிய திசையில் அரைக்குவிமாடங்கள் ஏற்றுக்கொள்கின்றன. மற்ற இரு பக்கங்களிலும் பெரிய வளைவுகளும் அவற்றுக்குள் சாளரங்கள் நிறைந்த சுவர்களுமே இருப்பதால், அங்கே கனமான முட்டுச்சுவர்கள் இன்றியமையாதவை. ஹாகியா சோபியாவில் அவை வெளியே மலைபோல் குவிந்து நிற்கின்றன. சினானோ அவற்றின் ஒரு பகுதியைச் சுவருக்கு உள்ளேயும் மறுபகுதியை வெளியேயும் அமைத்து, இடைவெளிகளில் தூண்வரிசையுடன் கூடிய மாடங்களைக் கட்டிவிட்டதால், பார்ப்பவருக்கு முட்டுச்சுவரே தெரியாது, அழகான தாழ்வாரம்தான் தெரியும். அவருடைய திறமைக்குச் சான்றாகக் குவிமாடத்தைக் காட்டிலும் இந்தப் பக்கச்சுவரையே நான் சொல்வேன்.

உட்புற வேறுபாடு இன்னும் பெரியது. ஹாகியா சோபியாவில் நெருக்கமான தூண்வரிசைகளும் அவற்றின் மேலுள்ள மாடங்களும் பக்கக்கூடங்களை நடுக்கூடத்திலிருந்து பிரித்து விடுகின்றன. சுலைமானியாவில் பெருந்தூண்களுக்கு இடையே பக்கத்துக்கு இரண்டு உயரமான கருங்கல் தூண்கள் மட்டுமே நிற்பதால், பெரிதும் சிறிதுமாக மாறி மாறி அமைந்த ஐந்து குவிமாடங்களின் கீழுள்ள பக்கக்கூடம் நடுக்கூடத்தோடு ஒன்றாகிவிடுகிறது. தோளோடு தோள் சேர்ந்து நீளும் ஜமாஅத்தின் (கூட்டுத் தொழுகையின்) ஸஃபுகளுக்கு, அதாவது வரிசைகளுக்கு, தேவையானது இந்த அகலந்தான்.

கேள்வி: அங்குள்ள நான்கு மினாராக்களும் ஏன் ஒரே உயரத்தில் இல்லை?
– வாசகர், இளையான்குடி

பதில்: தொழுகைக் கூடத்தை ஒட்டிய இரண்டும் உயரமானவை, மும்மூன்று உப்பரிகைகள் கொண்டவை, முற்றத்தின் வெளிமூலைகளில் உள்ளவை குட்டையானவை, இரண்டிரண்டு உப்பரிகைகள் கொண்டவை. இதனால் முற்றத்தின் பக்கமிருந்து வருபவரின் பார்வை படிப்படியாகக் குவிமாடத்தை நோக்கி ஏறுகிறது. சுல்தான் சுலைமான் இஸ்தான்புல்லில் ஆண்ட நான்காவது உதுமானிய சுல்தான் என்பதால் நான்கு மினாராக்கள், அந்த வம்சத்தில் பத்தாமவர் என்பதால் பத்து உப்பரிகைகள் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம்; கணக்கு என்னவோ சரியாகத்தான் இருக்கிறது.