பாசி என்று தேடினால் சமையல் குறிப்பு வருகிறதே?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. மரிக்கொழுந்துப் பாசி எதுக்குப் பயன்படுது, அதை வளர்க்க முடியுமான்னு போன்ல தேடினா பூக்கடை சமாசாரமும் வாசனை எண்ணெயும்தான் வருது. கடல்பாசின்னு போட்டா நோன்புக்குச் செய்யற இனிப்பு வருது. அப்பாவுக்கு வர்ற மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஒரு இடத்துல 5,000னு இருக்கு, இன்னொரு இடத்துல 8,000னு இருக்கு. நான் தேடறது தப்பா, இல்ல விவரமே இல்லையா?"

விவரம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. நீங்கள் தேடியதிலும் தப்பில்லை. உங்கள் வீட்டில் புழங்கும் சொல் ஒன்று, அந்த விவரத்தை எழுதி வைத்தவர் போட்ட சொல் வேறொன்று. 1987-இல் ஜார்ஜ் ஃபர்னாஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரிந்தது. இன்றைய தேடுபொறி சொல்லோடு நிற்காமல் பொருளையும் ஊகிக்கப் பார்க்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு கடற்கரையில் மட்டும் வழங்குகிற பெயரைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டது கொஞ்சம்தானே. மரிக்கொழுந்து என்றதும் அது பூக்கடைப் பக்கம் போய்விடுகிறது.

அதனால் முதல் தேடலில் விடையை எதிர்பார்க்காதீர்கள், சரியான சொல்லைப் பிடியுங்கள். ஆங்கில எழுத்தில் அகர் (பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்), சீவீட் (கடற்பாசி), மண்டபம் என்ற மூன்று சொற்களை அடித்துப் பாருங்கள். வருகிற பக்கங்களில் ஜெலிடியெல்லா அசிரோசா என்ற அறிவியல் பெயர் கண்ணில் படும். அதுதான் உங்கள் அம்மா எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி. அந்தப் பெயரை அப்படியே காப்பி செய்து மறுபடி தேடுங்கள், பூக்கடை மறைந்துவிடும். கஞ்சிப்பாசிக்கு கிராசிலேரியா, கட்டக்கோரைக்கு சர்காசம் என்று போடலாம். பெப்சி நிறுவனம் ஒரு காலத்தில் வளர்க்கச் சொல்லி ஊக்குவித்ததால் ஊரில் பெப்சி பாசி என்றே பெயர் வாங்கியதற்கு கப்பாபைகஸ். மூங்கில் மிதவை கட்டி வளர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். இதிலிருந்து கிடைப்பது கராஜீனன் என்ற பொருள். மரிக்கொழுந்திலிருந்து கிடைப்பது அகர். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தேடினால் வளர்ப்பு முறை, விலை எல்லாமே குழம்பிப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நோன்புக்கால இனிப்பு வழிதவறி வந்ததல்ல. கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்பது அகர்தான். மரிக்கொழுந்துப் பாசி அகர் எடுக்கப் பயன்படுவதுதான். பாறையில் கால் வைத்து அம்மா எடுத்து வருவது எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு உங்கள் போனே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சமையல் குறிப்பு வேண்டாமென்றால் கடல்பாசி என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, செய்முறை என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல் கழித்தல் குறி போடுங்கள். அந்தச் சொல் உள்ள பக்கங்களை ஒதுக்கச் சொல்லும் குறி அது.

வளர்ப்பைப் பற்றி ஆழமாகப் படிக்க, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணைய ஆவணக் களஞ்சியத்துக்குப் போங்கள். 1947-இல் மண்டபம் முகாமில் தொடங்கிய நிறுவனம் இது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபத்தில் மையம் இருக்கிறது. கட்டுரைகளைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் முதலில் சுருக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துப் படியுங்கள், போதும்.

அப்புறம் நிவாரணம். நீங்கள் பார்த்த இரண்டு தொகையும் பொய்யில்லை, காலம்தான் வேறு. முன்பு 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பழைய செய்தியை இணையத்திலிருந்து யாரும் எடுத்துவிடுவதில்லை. தடைக்காலம் 45 நாள் என்று சொல்லும் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. இப்போது நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆகவே தொகையோ தேதியோ பார்க்கும்போது முதலில் அந்தப் பக்கம் எந்த ஆண்டு எழுதப்பட்டது என்று பாருங்கள். தேடல் முடிவுகளுக்கு மேலே கருவிகள் என்று இருக்கும், அதில் கடந்த ஓராண்டு என்று காலத்தைச் சுருக்கலாம். முடிவுகளுக்குத் தலைமாட்டில் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கம் பழையதையும் புதியதையும் கலந்து சொல்லக்கூடும். அது காட்டும் மூலப்பக்கத்தைத் திறந்து தேதி பார்க்காமல் நம்பாதீர்கள்.

திட்டத்தின் பெயரும் முக்கியம். தடைக்கால நிவாரணம் வேறு, மீன்பிடி குறைவுகால நிவாரணம் வேறு, மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் வேறு. வெறுமனே மீனவர் நிவாரணம் என்று அடித்தால் மூன்றும் கலந்து வரும். முழுப்பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும்.

இதையெல்லாம் செய்தும் அரசு ஆவணம் கிடைக்கவில்லையா? அதற்குப் பெரிய காரணம் எழுத்துரு. பல ஆண்டுகளாகத் தமிழ் ஆவணங்கள் ஒருங்குறி (யூனிகோடு) அல்லாத எழுத்துருக்களில் அடிக்கப்பட்டன. இன்னும் பல, தாளை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றியவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்கு வெறும் படமாகவோ பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகவோ தெரியும். நீங்கள் எவ்வளவு சரியாக அடித்தாலும் பொருந்தாது. மக்களுக்கான ஆவணத்தை மக்கள் தேட முடியாத வடிவில் போடுவது எனக்கு ஒப்பாத காரியம். இனியாவது ஒவ்வொன்றும் ஒருங்குறியில் வர வேண்டும்.

அதுவரை தேடல் பெட்டியை விட்டுவிட்டுப் படிப்படியாக நடந்து போவதே வழி. தமிழக அரசின் இணையதளத்தைத் திறந்து, துறைகள் பட்டியலில் கால்நடை பராமரிப்பு, பால்வளம், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையைத் தொட்டு, கொள்கை விளக்கக் குறிப்பு என்பதற்குப் போங்கள். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது ஆண்டுதோறும் வெளியிடுவது அது. திட்டங்களும் ஒதுக்கிய பணமும் அதில் இருக்கும். கடைசி ஆண்டுக்குரியதைத் திறங்கள். உள்ளே தமிழில் தேட முடியாவிட்டால் ஆங்கிலப் பிரதியைத் திறந்து தொகையை எண்ணாக அடித்துத் தேடுங்கள்.

கடல் நிலவரத்துக்கும் இதே கதைதான். வீட்டில் தென்கடல், வடகடல் என்போம். வானிலை அறிக்கையில் மன்னார் வளைகுடா, பாக் நீரிணை என்று இருக்கும். அப்பா தொழிலுக்குப் போகும் நாளில் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கைப் பக்கத்தையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்புப் பக்கத்தையும் போனின் முகப்பிலேயே சேமித்து வையுங்கள். அவசரத்தில் தேடும்போதுதான் போன வாரத்து எச்சரிக்கை கையில் மாட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிவாரணம் பெற்றுத் தருகிறோம் என்று தேடலில் வரும் போன் நம்பருக்கு ஆதார் எண்ணோ ஓடிபியோ கொடுக்கவே கூடாது. ஸ்பான்சர்டு என்று மேலே வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். மீன்வளத்துறை அலுவலகத்துக்கு நேரில் போனால் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராமல், அரசாணை எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்கு எழுத்துருச் சிக்கல் கிடையாது. அதையும் துறையின் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள், ஆணை இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தால் கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.