இங்கிலாந்தில் மலை ஏறாமல், வயதான அப்பா அம்மாவோடு நிதானமாக நடக்க ஏற்ற கிராமப்புறம் எது?

லேக் டிஸ்ட்ரிக்ட், பீக் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏற்றமே இல்லாத இடமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன், சாமர்செட் லெவல்ஸ். தென்மேற்கில் மெண்டிப் குன்றுகளுக்கும் குவாண்டாக் குன்றுகளுக்கும் நடுவில் கிடக்கும் தாழ்நிலம். பாரெட், டோன், ப்ரூ என்று ஆறுகள், அவற்றுக்கு இடையில் மேய்ச்சல் நிலம், நாணல் காடு, சின்னச் சின்ன ஊர்கள். பெரும்பகுதி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது.

தட்டையான நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது தண்ணீரை. கரைமேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் பாரெட் ஆறு, மறுபக்கம் மாடு மேயும் வயல். மழைக்காலத்தில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் ஆற்று நீர் வயலைவிட உயரத்தில் ஓடுகிறது என்பது உறைக்கும். கடலோரக் களிமண் பட்டை உள்நாட்டுக் கரிச்சேற்று (பீட்) நிலத்தைவிடச் சற்று மேடு, அதனால் உள்ளே விழுந்த மழை தானாகக் கடலுக்குப் போகாது. அதோடு பிரிஸ்டல் கால்வாய் என்ற கடல்பகுதியின் ஓதம் உலகத்திலேயே மிக உயரமானவற்றில் ஒன்று, அது ஏறும்போது பாரெட்டின் நீரை வெளியே விடாமல் உள்ளேயே தள்ளும். அதனால்தான் அந்த நிலம் முழுக்க வடிகால் வாய்க்கால், மதகு, பம்பு நிலையம். காவிரிக் கரையில் நடந்து பழகிய உங்கள் அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, பார்த்ததுமே எந்த மதகு எதற்கு என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

சரி, எங்கே நடப்பது? பெற்றோரோடு என்றால் முதலில் ஹாம் வால், ஷாப்விக் ஹீத் என்ற பக்கத்துப் பக்கத்துச் சரணாலயங்களுக்குப் போங்கள், கிளாஸ்டன்பரிக்கு மேற்கே. இரண்டையும் இணைப்பது 1966-ல் மூடப்பட்ட ஒரு ரயில் பாதை, தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக விட்டிருக்கிறார்கள். ரயில் போன பாதை என்பதால் நேராக, அகலமாக, கெட்டியாக இருக்கும், முழங்காலுக்கு வேலையே இல்லை. முக்கியமாக, போன வழியிலேயே திரும்பும் பாதை, அதனால் களைப்பாக இருக்கும் இடத்தில் திரும்பிவிடலாம். வட்டப்பாதை என்றால் பாதியில் மனம் மாறினாலும் முழுசாகச் சுற்றித்தானே ஆகவேண்டும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன், தூரத்தை அல்ல.

இரண்டு பக்கமும் தெரியும் ஏரிகள் இயற்கையாக வந்தவை இல்லை, எரிபொருளுக்கும் தோட்ட உரத்துக்கும் கரிச்சேற்று மண்ணை வெட்டி எடுத்த குழிகள், அப்புறம் தண்ணீர் விட்டு நாணல் வளர்த்தார்கள். இன்று பறவைகளுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை. பெரிய வெள்ளைக் கொக்கு பிரிட்டனில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது 2012-ல், ஷாப்விக் ஹீத்தில்தான். வசந்த காலத்தில் நாணலுக்குள்ளிருந்து பிட்டர்ன் என்ற நாரை வகைப் பறவையின் ஆழ்ந்த குரல் கேட்கும், பறவையைப் பார்ப்பது அரிது, குரலுக்காகவே போகலாம்.

அதே ஷாப்விக் ஹீத்தில் உங்கள் காலுக்குப் பக்கத்தில், மண்ணுக்கு அடியில் இன்னொரு நடைபாதையும் கிடக்கிறது. ஸ்வீட் டிராக் என்கிறார்கள். மர வளையங்களை வைத்துக் கணக்கிட்டதில் கி.மு. 3807, 3806 வாக்கில் போட்டது என்று தெரிந்தது. சேற்றைக் கடக்க மரக்கொம்புகளைக் குறுக்காக நட்டு, மேலே ஓக் பலகை வைத்துச் சுமார் 2 கிலோமீட்டர் போட்டிருக்கிறார்கள். 1970-ல் மண் வெட்டும்போது கிடைத்தது. ஈரத்தில் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் மக்கவில்லை, ஒரு பகுதி இன்னும் அங்கேயே இருக்கிறது, காய்ந்துவிடாமல் இருக்கத் தண்ணீர் விட்டுப் பாதுகாக்கிறார்கள். ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் கால் நனையாமல் அடுத்த மேட்டுக்குப் போகத்தான் ஆட்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று நினைக்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஊர்களும் வேண்டும் என்றால் லாங்போர்ட்டிலிருந்து பாரெட் ஆற்றை ஒட்டி மச்செல்னி வரை போங்கள். சின்ன நடைதான், ஆனால் இங்கே தரை புல், மழைக்கு அப்புறம் சேறு, தோல் ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டாம். மச்செல்னியில் இடிந்த மடாலம் ஒன்று இருக்கிறது, பிரதான சர்ச் போய் அடித்தளம் மட்டும் மிஞ்ச, துறவிகளின் இரண்டு மாடிக் கழிப்பறைக் கட்டடம் வேய்ந்த கூரையோடு முழுசாக நிற்கிறது. இந்த ஊர் 2013-14 குளிர்கால வெள்ளத்தில் வாரக்கணக்கில் தீவாகிப்போனது, படகில்தான் ஆட்கள் போய்வந்தார்கள்.

இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கிளம்பும் முன் அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தைப் பாருங்கள், இலவசம்தான். வானம் வெளுத்திருந்தாலும் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் இரண்டு நாள் முன்னால் பெய்தது இன்றுதான் இங்கே வந்து சேரும்.

இன்னொன்று, எதிரே சர்ச் கோபுரம் தெரிகிறதே, வயல் குறுக்கே நேராகப் போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். கிட்டே போனால் ஆழமான வாய்க்கால் குறுக்கே கிடக்கும், பாலம் எங்கோ அரை மைல் தள்ளி இருக்கும். 1685 ஜூலையில் வெஸ்டன்சாய்லண்ட் ஊருக்கு வெளியே மன்னரின் படையை இருட்டில் தாக்க வந்த மான்மத் பிரபுவின் ஆட்கள் இப்படி ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு தோற்றார்கள். செட்ஜ்மூர் போர் என்பது அதுதான். ஆர்டினன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் பெரிய அளவு வரைபடத்தில் பச்சைக் கோடாக இருக்கும் பாதையில் மட்டும் போனால் பாலம் தானாக வரும், வழியில் கம்பங்களில் மஞ்சள் அம்புக்குறியும் இருக்கும். கோடையில் அந்தப் பாதை மாடு மேயும் வயல் வழியாகவே போகும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகாமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள், கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். அம்மாவுக்கு வேலியைத் தாண்ட வைத்திருக்கும் படிகள் கஷ்டம் என்றால் அதையும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், சமதள நடையில் சிரமம் தருவது அந்தப் படிதான்.

பரோபிரிட்ஜ் பக்கம் போனால் பரோ மம்ப் என்று ஒரு மேடு, உச்சியில் இடிந்த சர்ச். உயரம் 24 மீட்டர்தான். அப்பா கீழே இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், டோன் ஆறு பாரெட்டில் சேரும் இடமும் வாய்க்கால்கள் கோடு கோடாக ஓடுவதும் அங்கிருந்து நன்றாகப் புரியும்.

எப்போது போவது? பெற்றோரோடு மே, ஜூன். நீங்கள் தனியாக என்றால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு சாயங்காலம், ஸ்டார்லிங் குருவிகள் லட்சக்கணக்கில் நாணலில் அடைய வரும். ஆனால் டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், டார்ச் வேண்டும். ரயில் பிரிட்ஜ்வாட்டர், டாண்டன் வரைதான், அதற்கு மேல் பேருந்து குறைவு, ஞாயிறு என்றால் இன்னும் குறைவு. வயதானவர்களோடு என்றால் கார் எடுத்துக்கொண்டே போங்கள்.