காலை ஆறரை மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கொரோனாவால் வளாகத்தை மூடியதும், மார்ச் 19 அன்று நங்கநல்லூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். 14 நாட்கள் மாடி அறையில் தனித்திருந்தான். செமஸ்டரின் மீதியை இங்கிருந்தபடியே ஆன்லைனில் முடித்தான். ஐந்து பாடங்களில் இரண்டில் ஏ, ஒன்றில் பி, ஒன்றில் சி, லேப்புடன் கூடிய மின்சுற்றுப் பாடத்தில் டி. இந்த முறை மட்டும், ஒவ்வொரு பாடத்திலும் வந்த கிரேடை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ‘பாஸ்’ என்று மாற்றிக்கொள்ளலாம் அல்லது ‘வித்டிரா’ என்று விலகிக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்திருக்கிறது. மே 29 வெள்ளி இரவு 11:59 வரை அவகாசம். சி வந்ததைப் பாஸாக மாற்றிக்கொண்டு, டி வந்த பாடத்திலிருந்து விலகப்போகிறேன் என்கிறான். டி-யையும் பாஸாக மாற்ற வழி இருக்கிறது. அதைக் கேட்டால், ‘எனக்குப் பாடம் புரியவில்லை, மறுபடி படிக்க வேண்டும்’ என்கிறான். 35 லட்சம் கல்விக் கடன் வாங்கியிருக்கிறேன். விலகினால் கட்டிய பணம் என்னாவது? பாஸ் என்று மட்டும் இருந்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? இது நம்மூர் ஆல் பாஸ் மாதிரிதானே? அவனிடம் ஒழுங்கும் குறைந்துவிட்டது. அவனுடைய லேப் செவ்வாய், வியாழனில் அங்கே மாலை 4 முதல் 6:50 வரை. காலை ஆறரைக்கு நான் மொட்டை மாடியில் நடந்துவிட்டு இறங்கும்போது அவன் என் தாயாருக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருப்பான், அதன் பிறகு படுத்தால் பகல் பன்னிரண்டு வரை எழுந்திருப்பதில்லை. என் மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். மாமியாருக்குத் தொற்றிவிடக் கூடாதென்று ஏப்ரல் தொடக்கத்திலிருந்து வீட்டுக்கு வராமல் விடுதியில் தங்கியிருக்கிறார். வழக்கமாக வரும் உதவியாளரும் ஊரடங்கால் வருவதில்லை. எனக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். மகனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை, நங்கநல்லூர், மே 17, 2020

பதில்: மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோர் எழுதும் கடிதம் எதுவானாலும், அந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன். உங்கள் கடிதத்தில் அது ஒரே ஒரு வரியில் இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு நீங்கள் மாடியில் நடைப்பயிற்சியை முடித்து இறங்குகிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் மகன் உங்கள் தாயாருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பகல் பன்னிரண்டு வரை தூங்குகிறான் என்று குறை சொல்வதற்கு முன்னுரையாக, போகிற போக்கில் இதை எழுதிவிட்டு, கடனுக்கும் கௌரவத்துக்கும் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டி வெகுநேரம் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் இப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்கி 6:50-க்கு முடியும் லேப், சென்னையில் நள்ளிரவு தாண்டி 1:30-க்குத் தொடங்கி விடிகாலை 4:20-க்கு முடிகிறது. அதன் பிறகு படுத்தால் ஆறரைக்கு எழ முடியாது என்று பயந்து, பெரும்பாலான பிள்ளைகள் படுக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். ஆறரைக்கு விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, மருந்தை அளந்து ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாட்டி சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு, ஏழரை மணிக்கு அவன் படுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வரை தூங்கினால் நான்கரை மணி நேரம். ஒழுங்கு குறைந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். டி வந்திருப்பதோ, வேறெந்தப் பாடத்திலும் இல்லை. அந்த 1:30 மணி லேப் இருக்கும் பாடத்தில்தான் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு உங்கள் கடிதமே போதுமானதாக இருந்தது. அதே வீட்டில் இருக்கும் உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

இன்னொரு கணக்கும் உண்டு. தனிமைக் காலம் முடிந்து அவன் மாடியிலிருந்து இறங்கியது ஏப்ரல் 3-ஆக இருக்க வேண்டும். அன்றிலிருந்து நீங்கள் கடிதம் எழுதிய மே 17 வரை 45 நாட்கள். உங்கள் தாயாருக்குக் காலை ஒரு வேளை மட்டும்தான் ஊசி என்றாலும் 45 ஊசிகள். இரவு உணவுக்கு முன்னும் உண்டு என்றால் 90. அதில் ஒன்றைக்கூட நீங்கள் போட்டதாகக் கடிதத்தில் இல்லை. உங்கள் மனைவி இப்போது வீட்டுக்கு வரக் கூடாது. அது அவருடைய கடமை, உங்கள் தாயாரைக் காப்பதற்காகவே அவர் விடுதியில் கிடக்கிறார். உதவியாளர் வர முடியாது. மிச்சம் இருப்பது நீங்களும் உங்கள் மகனும். அந்த அம்மாள் யாரைப் பெற்றார்கள், உங்களையா, உங்கள் மகனையா?

கோபமாகத்தான் கேட்கிறேன். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலில் பிள்ளைக்கு, பிள்ளை இல்லாத இடத்தில் அல்லது முடியாத இடத்தில்தான் பேரனுக்கு என்று நம்புகிறவள் நான். பேரன் பாட்டிக்குச் செய்வது மிக நல்ல காரியம். அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் பேரன் செய்கிறானே என்று மகனான நீங்கள் மாடிக்கு நடக்கப் போவதும், அப்படிச் செய்ததன் விலையாக அவனுக்கு ஒரு டி வந்தபோது, அதே மகன் கையில் கடன் பத்திரத்தோடு வந்து நிற்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஊசியைக் கண்டால் தலை சுற்றுகிறது என்கிறீர்கள். என் மாமனாருக்கு நான் முதன்முதலில் இன்சுலின் போட்டபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சிரிஞ்சைப் பிடித்த கை நடுங்கியது. மூன்றாம் நாள் நடுக்கம் நின்றது. இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் இருந்திருக்காது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? இரண்டு மாதம் தூக்கம் கெட்ட ஒருவன் விடிகாலையில் யூனிட் அளப்பது உங்கள் தாயாருக்கும் ஆபத்து என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இது நம்மூர் ஆல் பாஸ் போன்றது அல்ல. மார்ச் மாதம் தமிழக அரசு ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தபோது, அந்தக் குழந்தைகள் தேர்வே எழுதவில்லை. உங்கள் மகன் எல்லாப் பாடங்களையும் முடித்து, தேர்வு எழுதி, கிரேடும் வாங்கிவிட்டான். அந்த கிரேடு அவனுடைய மதிப்பெண் பட்டியலில் எப்படிப் பதிவாக வேண்டும் என்பதில் மட்டும்தான் அவனுக்குத் தேர்வுரிமை கொடுத்திருக்கிறார்கள். ‘பாஸ்’ என்றால் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு, கிடைக்கும், ஆனால் ஜி.பி.ஏ. என்னும் கிரேடு சராசரிக் கணக்கில் சேராது. ‘வித்டிரா’ என்றால் ஜி.பி.ஏ. கணக்கிலும் சேராது, கிரெடிட்டும் கிடைக்காது. பட்டத்துக்கு அந்தப் பாடம் தேவையென்றால் மறுபடி எடுக்க வேண்டும். சாதாரணக் காலத்தில் இப்படி விலகுவதற்கான கடைசி நாள் செமஸ்டரின் நடுவிலேயே முடிந்துவிடும். மாணவர்கள் பாதியில் ஊர் திரும்பி, வேறு நேர மண்டலங்களிலிருந்து, நோயாளிகள் இருக்கும் வீடுகளிலிருந்து படித்தார்கள் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த முறை அந்தக் கதவைக் கிரேடு வந்த பின்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் இந்த விதி யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களில் ஒருவன். நம் பல்கலைக்கழக மானியக் குழுவே ஏப்ரல் 29 வெளியிட்ட வழிகாட்டுதலில், இறுதியாண்டு அல்லாத மாணவர்களுக்குத் தேர்வு நடத்த முடியாத இடங்களில் பாதி மதிப்பெண்ணை அக மதிப்பீட்டிலிருந்தும் பாதியை முந்தைய செமஸ்டரிலிருந்தும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

பாஸை யார் மதிப்பார்கள் என்று கேட்கிறீர்கள். ஹார்வர்டு கல்லூரியிலும் எம்.ஐ.டி.யிலும் கொலம்பியாவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் இந்த வசந்த காலப் பருவத்தில் மாணவர்களுக்கு ஏ, பி என்ற எழுத்துக் கிரேடே இல்லை, விரும்பினாலும் இல்லை. எனவே 2020 வசந்த காலத்தில் ‘பாஸ்’ என்ற சொல்லைப் பார்க்கும் எந்த மேற்படிப்புக் குழுவுக்கும், எந்த நிறுவனத்துக்கும் காரணத்தை விளக்க வேண்டிய அவசியம் இருக்காது. சி வந்த பாடத்தை அவன் பாஸாக மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அது அடுத்த ஆண்டுப் பாடம் ஒன்றுக்கு முன்தேவையாக இருந்தால், சில துறைகள் எழுத்துக் கிரேடைத்தான் கேட்கும். மாற்றுவதற்கு முன் கல்வி ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட வேண்டும்.

மின்சுற்றுப் பாடத்தில் நான் உங்கள் மகன் பக்கம். டி-யைப் பாஸ் என்று மாற்றினால் கிரெடிட் கணக்கில் ஏறும். பாடம் மண்டையில் ஏறாது. மின்னியல் படிக்கிறவனுக்கு அதன் பிறகு வரும் பல பாடங்கள் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. சி-க்குக் குறையாமல் வாங்கினால்தான் அடுத்த பாடத்தில் சேர முடியும் என்று பல துறைகளில் விதியே உண்டு. இனாமாகக் கிடைக்கும் கிரெடிட்டை வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொல்லி, எனக்குப் புரியவில்லை, மறுபடி படிக்கிறேன் என்கிறான். அந்தப் பேச்சைக் கேட்டுப் பெருமைப்பட வேண்டிய தந்தை, விலகினான் என்ற பெயர் வந்துவிடுமே என்று பதறுகிறீர்கள். படிக்காத பாடத்துக்குத் தேர்ச்சி வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோரை எனக்குப் பிடிக்காது. அதை எந்தக் காலத்திலும் நான் மறைத்ததில்லை.

பணத்தைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. விலகிய பாடத்துக்குக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. ஆனால் 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம் என்று பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் மகனுடையது அப்படியானால், வரும் செமஸ்டரில் இந்தப் பாடத்தைக் கூடுதலாக எடுப்பதற்குத் தனிச் செலவு இருக்காது. அதைக் கட்டண அலுவலகத்தில் கேட்கட்டும். உதவித்தொகை ஏதும் இருந்தால், இத்தனை கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பார்க்க வேண்டும். கல்விக் கடன் கொடுத்த வங்கி மதிப்பெண் பட்டியலைக் கேட்டால், பல்கலைக்கழகத்தின் அறிவிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர் செமஸ்டருக்குப் பொதுவாக 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் படிக்க வேண்டும். நான்கு பாடங்களுக்கு மும்மூன்று, லேப் பாடத்துக்கு நான்கு என்று மொத்தம் 16 கிரெடிட்டாக இருந்தால், விலகிய பின் சரியாக 12 நிற்கும். மற்ற நான்கில் ஏதாவது இரண்டு கிரெடிட் பாடமாக இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும், பொத்தானை அழுத்துவதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அழுத்திய பின் எழுதுவது பயன்படாது. மே 25 அங்கே விடுமுறை நாள் என்பதால் கடிதம் இன்றைக்கே போக வேண்டும்.

வெள்ளி இரவு 11:59 என்பது பல்கலைக்கழகத்தின் நேரம். நமக்கு அது மே 30, சனிக்கிழமை காலை 9:29. அந்த நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், ஆகவே வியாழனன்றே முடித்துவிடச் சொல்லுங்கள். முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை சொல்வேன். நள்ளிரவு தாண்டி லேப், காலையில் பாட்டி என்று ஆனபோதே அவன் ஆசிரியருக்கும் எழுதியிருக்கலாம், உங்களிடமும் வாய் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிற பிள்ளைதான் கேட்கும்.

நாளையிலிருந்து காலை ஊசி உங்களுடையது. இன்றிரவே உங்கள் மனைவியை வீடியோ அழைப்பில் கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. குப்பியில் 40 யூனிட் என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டையும் மாற்றிவிட்டால் அளவு பெரிய தவறாகிவிடும், அதை அவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசிக்கு முன் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் ஊசியை எடுக்காதீர்கள். முதலில் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். நடைப்பயிற்சியை ஏழரைக்கு வைத்துக்கொள்ளலாம், மே மாத வெயிலானாலும் பரவாயில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்பதால், நேற்று வயிற்றின் எந்தப் பக்கம் போட்டான் என்பதை மகன் படுக்கப் போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.