ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தால் கல்யாணம் முறிந்துவிடுமா?

கேள்வி: நான் இந்துவாகப் பிறந்தவள், சொல்லப்போனால் எந்தச் சாமி மேலும் பெரிய நம்பிக்கை இல்லை. கணவர் கத்தோலிக்கர். 2014-இல் அவருடைய பங்குக் கோவிலில்தான் திருமணம் நடந்தது. நான் ஞானஸ்நானம் வாங்கவில்லை, ஆயரிடம் விதிவிலக்கு வாங்கித்தான் ஓலை வாசித்தார்கள் (கோவிலில் திருமண அறிவிப்புச் செய்தார்கள்). ஒரு மகள் இருக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் அவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது மறைமாவட்டத் தீர்ப்பாயத்திலிருந்து (ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபை நீதிமன்றம்), எங்கள் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு அவர் மனுப் போட்டிருப்பதாகவும், நான் வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்றும் கடிதம் வந்திருக்கிறது. "அந்தத் தீர்ப்பு கிடைத்தால் போதும், கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை, நான் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்வேன்" என்கிறார் கணவர். கிறிஸ்தவரே இல்லாத என்னை அவர்கள் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்? என் மகளின் நிலை என்ன?

பதில்: முதலில் ஒன்று, பயப்படாதீர்கள். உங்கள் கணவர் சொல்வது சட்டப்படி தவறு. தீர்ப்பாயம் என்ன எழுதிக் கொடுத்தாலும் இந்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருடைய மனைவிதான், நீதிமன்றம் விவாகரத்து தரும் வரைக்கும். இது என் கருத்து இல்லை. 1996-இல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருச்சபைத் தீர்ப்பாயம் முதல் திருமணத்தை ரத்து செய்துவிட்டது என்று நம்பி இரண்டாம் திருமணம் செய்துகொண்டவர்களின் கதை அது. அந்த ரத்து செல்லாது, முதல் திருமணம் அப்படியே இருக்கிறது, அதனால் இரண்டாவதுதான் செல்லாது என்றது நீதிமன்றம். அப்புறம் கிளாரன்ஸ் பாயிஸ் என்பவர், தீர்ப்பாயத்தின் தீர்ப்பை விவாகரத்து மாதிரியே அரசு ஏற்க வேண்டும் என்று பொதுநல மனுப் போட்டார். 2017 ஜனவரியில் அதையும் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் கேள்விக்குத் திருச்சபையே பதில் எழுதி வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 11-ஆம் விதியைப் பாருங்கள்: திருச்சபை தானாக இயற்றிய சட்டங்கள், கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றவர்களையோ அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களையோதான் கட்டுப்படுத்தும். நீங்கள் இரண்டும் இல்லை. ஆனால் அதே தொகுப்பின் 1059-ஆம் விதி, தம்பதியில் ஒருவர் மட்டும் கத்தோலிக்கராக இருந்தாலும் அந்தத் திருமணம் திருச்சபைச் சட்டத்தின்படிதான் என்கிறது. அதனால்தான் உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த விதியும் கடைசியில், திருமணத்தின் குடிமைச் சட்ட விளைவுகள் அரசின் அதிகாரம் என்று ஒப்புக்கொண்டுதான் முடிகிறது. ஆக, தீர்ப்பாயம் முடிவு செய்வது ஒன்றே ஒன்று, உங்கள் கணவர் இனி கோவிலில் இன்னொரு திருமணம் செய்யத் திருச்சபை தடையாக இருக்குமா இல்லையா என்பது. அது அவருக்கும் அவருடைய கோவிலுக்கும் உள்ள விஷயம், அதில் நமக்கு ஆட்சேபணையே வேண்டாம். ஒருவர் நம்புகிற மதம் அவருக்கு விதி போடலாம், நம்பாதவரின் ஜீவனாம்சத்திலும் குடும்ப அந்தஸ்திலும் அது கை வைக்க முடியாது.

சரி, கடிதத்தை என்ன செய்வது? போக வேண்டும் என்று அரசின் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. போலீஸ் வராது, வாரண்டு வராது. ஆனால் குப்பையில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் வராவிட்டாலும் அவர்கள் விசாரணையை நடத்தி முடிக்கலாம், அப்போது கணவர் தரப்புக் கதை மட்டும்தான் கோப்பில் இருக்கும். பதிவுத் தபாலில் ஒரு பதில் அனுப்புங்கள்: இந்த விசாரணை என் சட்ட உரிமைகளைப் பாதிக்காது என்ற நிபந்தனையோடு பதில் தருகிறேன், திருமணம் முழுச் சம்மதத்தோடு முறையாக நடந்தது, குழந்தை இருக்கிறது, இவ்வளவு போதும். உணர்ச்சிவசப்பட்டுப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள், "எனக்கும் அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை" என்று கோபத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் நாளைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் அதைத்தான் நீட்டுவார்கள். அனுப்புவதற்கு முன் உங்கள் வழக்கறிஞர் ஒருமுறை படிக்கட்டும்.

இனி, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒரு இடம். திருச்சபையின் விதிகள்தான் உங்களைக் கட்டுப்படுத்தாது. "கிறிஸ்தவர்களுக்கான சட்டம்" என்று நாம் சொல்கிற அரசுச் சட்டங்கள் உங்களையும் கட்டுப்படுத்தும், நீங்கள் பைபிளைத் தொட்டதே இல்லை என்றாலும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், மணமக்களில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும் என்கிறது. உங்கள் திருமணம் அதன் கீழ்தான் வருகிறது. அதனால் விவாகரத்து 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படிதான், இந்து திருமணச் சட்டத்தின்படி அல்ல. கணவனோ மனைவியோ ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் அதில் வழக்குப் போடலாம், எனவே இந்துவான நீங்களும் போடலாம். இரண்டு வருடம் கைவிட்டுப் போனது அதில் ஒரு காரணம், கொடுமை இன்னொன்று. உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டதே.

இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவதென்றால் அதே விவாகரத்துச் சட்டத்தின் பிரிவு 10ஏ. 2001 திருத்தத்தில்தான் அது வந்தது. அதில் இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள், இந்துக்களுக்கும், மதம் பார்க்காத சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் ஒரே வருடம். ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டு, 2010-இல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஒரு வருடமாகப் படிக்கச் சொன்னது. என்னைக் கேட்டால், நம்பாதவர்கள் எதிர்த்துக் கேட்க வேண்டிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது, தீர்ப்பாயத்தில் இல்லை. பதிவு அலுவலகத்தில் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை பாதி இருந்திருக்காது. இனி இப்படிக் கலப்புத் திருமணம் செய்யப்போகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கோவில் சடங்கு பிறகு இருக்கட்டும், முதலில் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள்.

மகளைப் பற்றி. அவள் சட்டப்படியான திருமணத்தில் பிறந்தவள், அது மாறவே மாறாது. தீர்ப்பாயம் "செல்லாது" என்று எழுதினாலும், நல்லெண்ணத்தோடு நடந்த திருமணத்தில் பிறந்த குழந்தை முறையான குழந்தைதான் என்று திருச்சபையின் 1137-ஆம் விதியே சொல்கிறது. உறவுக்காரர்கள் யாராவது வேறு மாதிரி பேசினால் அந்த எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தே தீர வேண்டும் என்ற பேச்சு வந்தாலும், கலப்புத் திருமணத்துக்கு முன் அப்படி வாக்குறுதி தருவது கத்தோலிக்கத் தரப்பு மட்டும்தான். உங்களுக்கு அது தெரிவிக்கப்படும், நீங்கள் வாக்குக் கொடுத்ததாக ஆகாது.

கணவர் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்காமல் இன்னொருத்தியை மணந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 82-இன்படி ஏழு வருடம் வரை சிறை. பாதிரியார் நடத்தி வைத்தார் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. பாதிக்கப்பட்ட மனைவி நீங்கள் புகார் கொடுத்தால்தான் வழக்கு நகரும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தால் அதற்கு முன்பே குடும்ப நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கலாம். அந்தப் பங்குத்தந்தைக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும், பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும்.

பணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கும் மகளுக்கும் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை கேட்டு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144-இல் மனுப் போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுதான் அது, மதம் பார்ப்பதில்லை. நீங்கள் மனைவியே இல்லை என்று காட்டத் தீர்ப்பாயத்தின் காகிதத்தை அவர் அங்கே கொண்டுவந்தால், மோலி ஜோசப் தீர்ப்பின் நகலை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக் கொடுப்பார். இந்த வாரமே பங்குக் கோவிலுக்குப் போய்த் திருமணப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், தகராறு முற்றிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.