சாம்பிள் வேரியன்ஸில் ஏன் ஒன்றைக் குறைக்கிறோம்?

தம்பி, முதலாண்டில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, மூன்றாம் செமஸ்டரில் சாம்பிள் வேரியன்ஸுக்கு (மொத்தத் தரவிலிருந்து எடுத்த சில எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து ஏன் வகுக்கிறோம் என்பதிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நிரூபணத்தை மனப்பாடம் பண்ணவே பண்ணாதீர்கள். ஒரு தாளை எடுங்கள்.

மொத்தத் தரவே 2, 4, 6 என மூன்று எண்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4, வேரியன்ஸ் 8/3. எடுத்ததைத் திரும்பப் போட்டு இரண்டிரண்டாக எடுத்தால், வரிசையையும் கணக்கில் கொண்டு, 9 சாம்பிள் வரும். ஒவ்வொன்றிலும் அதன் சொந்தச் சராசரியிலிருந்து உள்ள விலகல்களின் வர்க்கத்தைக் கூட்டி 2ஆல் வகுங்கள். ஒன்பதின் சராசரி 4/3தான், உண்மையான வேரியன்ஸில் பாதி! எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதாவது 1ஆல் வகுத்தால், அச்சு அசலாக 8/3. நிஜச் சராசரி தெரியாமல், சாம்பிளின் சொந்தச் சராசரியிலிருந்து விலகலை அளக்கிறோம் இல்லையா, அதனால்தான் சுருங்குகிறது. அதைச் சரிக்கட்ட ஒன்றைக் குறைத்து வகுப்பதைத்தான் பெசல் திருத்தம் என்கிறோம்.

கையால் போட்டபின் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் (இலவசம்தான்) பத்தாயிரம் சாம்பிள் எடுத்துப் பாருங்கள். அப்புறம், ரிக்ரஷன் (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை) பாடம் வருவதற்குள் மேட்ரிக்ஸைத் தூசு தட்டிவிடுங்கள். நான் தடுமாறியது அங்கேதான். அந்த ஒன்பதையும் போட்டுவிட்டு, எங்கே இடித்தது என்று எழுதுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.