ஹேர் எக்ஸ்டென்ஷன் வைத்த பிறகு மாதாமாதம் என்ன செலவு வரும்? கட்டுப்படியாகுமா?

சொந்த முடியோடு சேர்த்து வைக்கும் அந்த முடியின் விலையை மட்டும் பார்த்து இறங்கிவிடாதீர்கள். திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுகிற கூலியில்தான் பணம் கரையும். முதலில் கிளிப் வகை, இப்போது சில வருடமாக டேப் வகை என்று இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வளரும். டேப் வகையில், பசைப் பட்டையோடு வரும் முடியை உங்கள் முடிக்கு மேலும் கீழுமாக ஜோடி ஜோடியாக, வேருக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள். முடி வளர வளர அதுவும் கீழே இறங்கிக்கொண்டே வரும். இரண்டு மாதத்தில் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கிவிடும். தூக்கிக் கட்டினால் டேப் எட்டிப் பார்க்கும், பக்கத்து முடியோடு சேர்ந்து சிக்கு விழும், பாரம் வேரை இழுக்கும். அதனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மேலே ஏற்றியே ஆகவேண்டும். வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை பார்லர் படியேற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடப்பது முழுக்கக் கைவேலை. தலை முழுக்க 40 பட்டை அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ரிமூவர் விட்டு, ஊறவிட்டு, வால் சீப்பின் நுனியால் நெம்பிப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொரு பட்டையிலும் அழுக்கும் பஞ்சுமாகத் திரண்டிருக்கும் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புது டேப் ஒட்டி, திரும்பத் தலையில் வைக்க வேண்டும். அதற்குக் கூலி கேட்பது நியாயம்தான். ஆனால் விளம்பரத்தில் போடும் தொகையில் பல நேரம் இது சேர்ந்திருக்காது. (கழற்றும்போது உங்கள் சொந்த முடி கொத்தாக வந்தால் பதற வேண்டாம். தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். அத்தனை நாள் உதிர்ந்தது டேப்பில் மாட்டிக்கொண்டிருந்து ஒரேயடியாக வரும்.)

டேப் முடி நல்லதாக இருந்தால் இரண்டு மூன்று முறை திரும்ப ஒட்டலாம். அப்புறம் நுனி காய்ந்து மெலிந்துவிடும், புதுசு வாங்க வேண்டியதுதான். கெரட்டின் என்ற புரதப் பசையை உருக்கி ஒட்டும் வகை மூன்று நான்கு மாதம் தொல்லை தராது. ஆனால் கழற்றிய முடியை அப்படியே திரும்ப வைக்க முடியாது. சின்ன வளையத்தை நெருக்கி முடியைப் பிடிக்க வைக்கும் மைக்ரோ ரிங்கில் பசையே கிடையாது, வளையத்தைத் தளர்த்தி மேலே தள்ளுவதுதான், முடியும் கொஞ்ச காலம் கூட உழைக்கும். பார்லர் போகும் கணக்கு மட்டும் குறையாது.

மலிவு முடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முடியின் மேல்தோலில் செதில் மாதிரி அடுக்குகள் உண்டு. எல்லா முடியிலும் அவை ஒரே திசையில் இருந்தால்தான் சிக்கு விழாது. ரெமி என்று விற்பது அதைத்தான். திசை கலந்த முடியாக இருந்தால் அமிலத்தில் போட்டு அந்தச் செதிலை நீக்கி, மேலே சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்குவார்கள். கடையில் தொட்டால் பட்டுப்போல இருக்கும். சில தடவை அலசியதும் பூச்சு போய்விடும், சடை பிடித்துக்கொள்ளும். விலை குறைவு என்று வாங்கியது அதோடு குப்பைக்குத்தான்.

வீட்டுச் செலவு அவ்வளவு பெரிதில்லை. சல்பேட் இல்லாத ஷாம்பு, முடியில் மாட்டாத வளையப் பல் பிரஷ், சூடு காட்டுகிறவராக இருந்தால் அதற்கு முன் அடிக்கும் ஸ்ப்ரே. கண்டிஷனர் மட்டும் மளமளவென்று தீரும். உச்சந்தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிய முடிக்கு வந்து சேராது என்பதால், கண்டிஷனர் போட்டால்தான் அதற்கு ஈரப்பதம். ஆனால் ஒட்டிய இடத்துக்குக் கீழேதான் தடவ வேண்டும். எண்ணெயோ கண்டிஷனரோ டேப்பில் பட்டால் பசை வழுக்கி, தவணைக்கு முன்னாலேயே பார்லருக்கு ஓட வைக்கும். வெளுத்த நிற முடியாக இருந்தால் சன்ஸ்கிரீனையும் கவனியுங்கள். அவோபென்சோன் கலந்தது பட்டால் இளஞ்சிவப்பாகக் கறை ஏறிவிடும், சாதாரணமாக அலசினால் போகாது.

உங்கள் கணக்கைப் போட, பார்லரில் முடி எத்தனை மாதம் வரும், ஒருமுறை ஏற்றிவிடக் கூலி என்ன, மொத்தமாகக் கழற்ற என்ன வாங்குவார்கள் என்று கேளுங்கள். முடி விலையையும் கழற்றும் கூலியையும் சேர்த்து, முடி உழைக்கும் மாதங்களால் வகுத்து, ஏற்றும் கூலியில் ஏறக்குறைய பாதியையும் (எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கணக்கில்) ஷாம்பு வகையறாவையும் கூட்டினால் மாதச் செலவு வந்துவிடும். அந்தத் தொகை மாதாமாதம் போனால் உறுத்தாது என்றால் வையுங்கள். கையைக் கடிக்கும் மாதத்தில் தவணையைத் தள்ளிப்போட்டால் சொந்த முடிதான் அறுந்து வரும். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோரத்தில் வழுக்கை விழும், முற்றிப்போனால் அது திரும்ப முளைக்காது. வலியோ சின்னச் சின்னக் கொப்புளமோ வந்தால், போன வாரம்தான் காசு கொடுத்து ஒட்டினோமே என்று பார்க்காமல் கழற்றிவிடுங்கள்.

விசேஷம், போட்டோ என்று எப்போதாவது தேவைப்படுகிறவர்களுக்கு என் ஓட்டு கிளிப்புக்குத்தான். காலையில் மாட்டி இரவில் கழற்றிவிடலாம், பார்லர் கூலி இல்லை, எப்போதாவது அலசினால் போதும். நல்ல முடியாக வாங்கினால் ஒரு வருடமாவது வரும். சொந்த முடி ரொம்ப மெல்லிசு என்றால் மட்டும், கிளிப் வெளியே தெரிகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.